ஒரகடத்துக்கு ஒரு கால்பந்து அணி வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது படியுங்கள். சுங்குவார்சத்திரம் நெரிசலில் நிற்கிற நேரத்திலேயே பாதி முடிந்துவிடும்.

ஒரு கேள்வி. வகுப்பில் கேட்பது போலவே கேட்கிறேன். ஹூண்டாய், சாம்சங், நிசான், யமஹா. இந்த நான்கு பேருக்கும் பொதுவானது என்ன? நம் பகுதியில் ஆலை நடத்தியவர்கள், நடத்துகிறவர்கள் என்று எல்லோரும் சொல்லிவிடுவீர்கள். இன்னொன்று இருக்கிறது. நான்கு பேரும் தங்கள் நாட்டில் ஒரு கால்பந்து கிளப்பை வளர்த்தவர்கள்.

ஹூண்டாய் மோட்டாருக்கு ஜியோன்புக் என்ற அணி. தலைநகர் சியோல் அணி அல்ல அது. ஹூண்டாய் லாரியும் பஸ்ஸும் செய்கிற ஆலை இருக்கும் ஜியோன்ஜு பக்கத்து அணி. 2006இலும் 2016இலும் ஆசியாவின் சாம்பியன் கிளப். சாம்சங் 1995இல் சுவோன் நகரத்தில் ப்ளூவிங்ஸ் அணியைத் தொடங்கியது. நிசான் 1972இல் யோகோஹாமாவில் கம்பெனி அணியாக ஆரம்பித்ததுதான் இன்றைய யோகோஹாமா எஃப். மரினோஸ். யமஹாவும் அதே 1972இல் இவாடா என்ற ஊரில் ஆரம்பித்தது. அது இன்று ஜூபிலோ இவாடா.

அங்கே ஆலை போட்ட ஊருக்கு ஒரு அணியும் கொடுத்தார்கள். இங்கே? 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள், 1998இல் சான்ட்ரோ வெளியே வந்தது. கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் என்றோ ஒரகடம் என்றோ பெயர் போட்ட சட்டையோடு இந்தியாவின் தேசிய லீகில் ஒரு அணி இறங்கி நான் பார்த்ததில்லை.

"சார், வேலையே நிரந்தரமில்லை, நீங்கள் பந்து கேட்கிறீர்களே" என்று இப்போதே கமென்டில் எழுதப் போகிற தம்பி கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதற்கு வருகிறேன். முதலில் தொழிற்சாலை ஊர்களில் கால்பந்து என்ன செய்தது, எப்படிச் செத்தது என்ற கதை. நான் வரலாறு நடத்தியவன், கதை சொல்லாமல் கோரிக்கை வைக்கத் தெரியாது.

ரஷ்யாவில் வோல்கா நதிக்கரையில் வோல்கோகிராட் இருக்கிறது. அதன் பழைய பெயர் ஸ்டாலின்கிராட். பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1930இல் அங்கே ஒரு பெரிய டிராக்டர் ஆலை திறந்தார்கள். ஆலை கட்டும்போதே, 1929இல், அதன் தொழிலாளர்கள் ஒரு கால்பந்து அணி அமைத்துவிட்டார்கள். அணியின் பெயரே பிறகு 'டிராக்டர்' ஆனது. 1939இல் சோவியத் நாட்டின் மேல் லீகில் நாலாவது இடம். மாஸ்கோ அணிகள் பல அரசாங்கத் துறைகளின் செல்லப்பிள்ளைகள், இவர்கள் டிராக்டர் பிள்ளைகள்.

பிறகு போர். ஆலையில் டிராக்டர் நின்று டாங்கிகள் வந்தன. 1942இல் நகரமே தரைமட்டம். 1943 பிப்ரவரியில் சண்டை முடிந்தது. மூன்றே மாதத்தில், மே 2ஆம் தேதி, இடிபாடுகளுக்கு நடுவே ஒரு மைதானத்தைச் சரிசெய்து, மாஸ்கோவிலிருந்து ஸ்பார்டக் அணியை வரவழைத்து ஒரு ஆட்டம் நடத்தினார்கள். உள்ளூர் அணி 1-0 என்று ஜெயித்தது. வீடு இல்லாத ஊரில் எதற்குப் பந்தாட்டம் என்று யாராவது கேட்டிருப்பார்களா? கேட்டிருப்பார்கள், எந்த ஊரிலும் கேட்கிற ஆள் ஒருவர் இருப்பார். ஆனாலும் ஆடினார்கள்.

அந்த அணிக்கு 1975இல் ரோட்டர் என்று பெயர் மாறியது. 1993இலும் 1997இலும் ரஷ்ய லீகில் இரண்டாமிடம். 1997இல் கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில், எதிரே அதே ஸ்பார்டக். 0-2 என்று தோற்று சாம்பியன் பட்டம் கைநழுவியது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1995 செப்டம்பரில், மான்செஸ்டர் யுனைடெட்டையே ஐரோப்பியக் கோப்பையிலிருந்து வெளியே அனுப்பியவர்கள் இவர்கள். முதல் ஆட்டம் 0-0. இரண்டாவது மான்செஸ்டரில் 2-2. கடைசி நிமிஷங்களில் யுனைடெட்டின் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் முன்னால் ஓடிவந்து தலையால் முட்டி ஒரு கோல் போட்டும் பயனில்லை. வெளியூரில் போட்ட கோல் கணக்கில் டிராக்டர் ஊர்க்காரர்கள் தேறிவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மான்செஸ்டர் யுனைடெட்டும் ஆலை அணிதான். 1878இல் நியூட்டன் ஹீத் என்ற இடத்தில் ரயில் பெட்டி செய்யும் தொழிலாளர்கள் ஆரம்பித்தது. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். மாதிரி ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் பெட்டி ஆலையும் டிராக்டர் ஆலையும் மோதிய ஆட்டம் அது. ஒன்று உலகத்தின் பணக்கார கிளப்புகளில் ஒன்றாகிவிட்டது. மற்றது என்ன ஆனது என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

டிராக்டர் ஆலை 2005இல் திவாலானது. அதே காலத்தில் ரோட்டரும் பணமில்லாமல் மேல் லீகிலிருந்து கீழே விழுந்தது. 2018 உலகக் கோப்பைக்காக அந்த ஊரில் 45,000 பேர் உட்காரும் புது மைதானம் கட்டினார்கள். நான்கு ஆட்டம் நடந்தது. பிறகு அந்த மைதானம் ரோட்டருக்குக் கிடைத்தது. 2020இல் மேல் லீகுக்கு வந்து, ஒரே வருஷத்தில் திரும்பக் கீழே போனார்கள். மைதானம் அரசாங்கம் கட்டிக் கொடுக்கும், ஆனால் அணியை ஊர்தான் கட்ட வேண்டும்.

ரஷ்யாவை விடுங்கள். நம் வீட்டுக் கதையைப் பார்ப்போம், அது இதைவிட வருத்தம்.

2019 மார்ச் 9. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி எஃப்.சி. அன்று மினெர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் சாம்பியன் ஆனது. முதல் கோலை வாங்கிக்கொண்டு, பின்னாலிருந்து வந்து ஜெயித்தார்கள். 43 புள்ளி. இரண்டாவது வந்த ஈஸ்ட் பெங்கால் 42. நூறு வருஷப் பாரம்பரியம் உள்ள கல்கத்தா கிளப்பை ஒரே புள்ளியில் தாண்டியது தமிழ்நாட்டு அணி. பயிற்சியாளர் சிங்கப்பூர்காரர் அக்பர் நவாஸ். உருகுவேகாரர் பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல். அதே வருஷம் மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அணி தேசிய மகளிர் லீகை ஜெயித்தது. ஆண், பெண் இரண்டு தேசிய லீக் கோப்பைகளும் ஒரே வருஷத்தில் தமிழ்நாட்டில். நம் செய்தி சேனல்கள் அன்று என்ன காட்டின என்று நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. ஐ.பி.எல்.

அடுத்தது என்ன? 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டம், பஹ்ரைனின் ரிஃபா அணியோடு. சென்னை சிட்டிக்கு அது சொந்த மண் ஆட்டம். ஆடிய இடம் அகமதாபாத்! 0-1 தோல்வி. சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. அதுவும் காப்பாற்றவில்லை. 2021-22 சீசன் தொடங்கியபோது ஐ-லீகில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. சாம்பியனாகி மூன்று வருஷம்கூட முடியவில்லை.

அந்த கிளப்பின் வேர் 1946இல் சென்னையில் தொடங்கிய நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப். பெயர் சென்னை, ஆடியது கோவை, முக்கியமான ஆட்டம் குஜராத். எந்த ஊர்க்காரன் தெருவுக்கு வந்து 'எங்கள் அணியை எங்கே' என்று கேட்பான்? யாரும் கேட்கவில்லை. அந்த வீரர்களின் உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. கிளப்புக்கு உரிமையாளர் இருந்தார், ஊர் இல்லை என்பதுதான் என் கருத்து.

கம்பெனி பெயரில் நடத்தினால் மட்டும் நிலைக்குமா என்றால், அதுவும் இல்லை. பஞ்சாபில் பக்வாரா ஊரின் ஜே.சி.டி. மில் அணிதான் இந்தியாவின் முதல் தேசிய லீகை, 1996-97இல், ஜெயித்தது. 2011இல் மில் நிர்வாகம் அணியைக் கலைத்தது. பம்பாயின் மகிந்திரா யுனைடெட் 1962இலிருந்து இருந்த அணி, 2005-06 சாம்பியன். 2010இல் மூடிவிட்டார்கள். நம்முடைய இந்தியன் வங்கி அணியும் ஒரு காலத்தில் தேசிய லீகில் ஆடியது. இன்றைய பிள்ளைகளுக்கு அது வங்கியின் பெயர் மட்டும்தான்.

அதனால்தான் ஹூண்டாய் எஃப்.சி. வேண்டும், சாம்சங் எஃப்.சி. வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் பகுதியில் 2006இல் திறந்த ஒரு ஆலையின் பெயரில் அன்றைக்கே ஒரு கிளப் ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நோக்கியா எஃப்.சி. 2014 நவம்பரில் முடிந்திருக்கும். மறைமலைநகரில் ஃபோர்டு எஃப்.சி.யும் போயிருக்கும். நிசான் பெயரில் வைத்திருந்தால், இப்போது அந்த ஒரகடம் ஆலை ரெனோ கைக்கு முழுதாகப் போன பிறகு சட்டையை மாற்றித் தைக்க வேண்டியிருக்கும். சாம்சங்கின் சுவோன் அணிகூட 2023 கடைசியில் இரண்டாம் லீகுக்கு இறங்கிவிட்டது. கம்பெனி வரும், போகும். வல்லம் வடகால் எங்கேயும் போகாது.

பணம் கம்பெனிகள் கொடுக்கட்டும், பெயர் ஊருடையதாக இருக்கட்டும். உரிமை உறுப்பினர்களுடையதாக இருக்கட்டும்.

இப்போது அந்தத் தம்பிக்கு வருகிறேன். "நிரந்தர வேலை முதலில், பந்து பிறகு."

1903 நவம்பரில் ஜெர்மனியின் லெவர்குசன் ஊரில் பேயர் கெமிக்கல் ஆலைத் தொழிலாளி ஒருவர் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கூட 170 பேர் கையெழுத்து. எங்களுக்கு ஒரு விளையாட்டுச் சங்கம் அமைக்க உதவுங்கள் என்று கேட்டார்கள். 1904இல் சங்கம் வந்தது. 120 வருஷம் கழித்து, 2023-24இல், அந்த லெவர்குசன் அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் ஜெர்மன் லீகை ஜெயித்தது. ஊதியமும் கேட்டார்கள், எட்டு மணி நேர வேலையும் கேட்டார்கள், மைதானமும் கேட்டார்கள். ஜெர்மன் தொழிலாளி ஒன்றைக் கேட்டதால் இன்னொன்றை விட்டுவிடவில்லை. 2024இல் சுங்குவார்சத்திரத்தில் 37 நாள் வேலைநிறுத்தத்தில் நின்ற பிள்ளைகளுக்கு, சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடி விளையாட உரிமை இல்லை என்று யார் சொன்னது? கேட்கிற பட்டியலில் அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

இன்னொரு நண்பர் சொல்வார், இது கபடி மண், டென்னிஸ் பால் கிரிக்கெட் மண், கால்பந்து எதற்கு? கபடியும் இருக்கட்டும், கிரிக்கெட்டும் இருக்கட்டும். நான் கால்பந்தைச் சொல்வதற்குக் காரணம் பந்து அல்ல, ஆட்கள்.

மாலையில் ஒரகடம் சந்திப்பில் நின்று பாருங்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம், மணிப்பூர். நம் ஊர் வீடுகளில் வாடகைக்கு ஒரு அறையில் ஆறு பேர், எட்டு பேர். நாம் அவர்களிடம் வாடகை வாங்குகிறோம், கடையில் விற்கிறோம், மற்றபடி பேசுவதில்லை. 'வடக்கன்' என்று ஒரு சொல்லை வைத்து முடித்துவிடுகிறோம். என்னிடம் படித்த பிள்ளைகளே அந்தச் சொல்லைப் பதிவுகளில் போடுவதைப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் சிவப்பு மைப் பேனா தேடுகிறேன். மணிப்பூரிலும் ஜார்க்கண்டிலும் கால்பந்து கிராமத்து விளையாட்டு. செருப்பைக் கோல் கம்பமாக வைத்து ஞாயிற்றுக்கிழமை காலி மனையில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். காலி மனைக்கு வேலி போட்டதும் அடுத்த மனைக்குப் போகிறார்கள். நம் பையன்கள் நான்கு பேர் அதில் சேர்ந்தால் மொழி தேவையில்லை. 'பாஸ்' என்றால் எல்லோருக்கும் பாஸ்தான்.

ஜாம்ஷெட்பூரைப் பாருங்கள். அது டாட்டா ஸ்டீல் கட்டிய ஊர். இந்தியாவெங்கும் இருந்து வந்த தொழிலாளர்கள் வாழும் ஊர். டாட்டா 1987இலேயே அங்கே கால்பந்து அகாடமி ஆரம்பித்தது. 2017இல் ஜாம்ஷெட்பூர் எஃப்.சி. வந்தது. 2021-22இல் ஐ.எஸ்.எல். லீக் கேடயத்தை வாங்கியது. முப்பது வருஷம் பிள்ளைகளைப் பழக்கிவிட்டுப் பிறகு கிளப் ஆரம்பித்தார்கள் என்ற வரிசையைக் கவனியுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை மீனவ கிராமத்து மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் ஆடிவிட்டு, அடுத்துப் போனது அந்த ஜாம்ஷெட்பூருக்குத்தான். நம் பிள்ளை ஆலை ஊர் அணிக்கு ஆட ஜார்க்கண்ட் போகிறான், ஜார்க்கண்ட் பிள்ளை நம் ஆலைக்கு வந்து ஆட இடமில்லாமல் நிற்கிறான்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் என் மகளே என்னைத் திட்டுவாள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கு 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறந்தார்கள். நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஒரே வளாகத்தில் பதினெட்டாயிரம் இளம் பெண்கள்! இந்தியாவில் எந்தக் கல்லூரியிலும் இத்தனை பேரை ஒரே இடத்தில் பார்க்க முடியுமா தெரியாது. முதல் உலகப் போர் நேரத்தில் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரத்தில் டிக், கெர் என்ற ஆலையில் குண்டு செய்த பெண்கள் 1917இல் ஒரு அணி அமைத்தார்கள். 1920 டிசம்பர் 26ஆம் தேதி அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க லிவர்பூலில் 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருஷமே இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், பெண்களுக்கு இந்த விளையாட்டு பொருந்தாது என்று தன் கிளப் மைதானங்களில் அவர்களுக்குத் தடை போட்டது. அந்தத் தடை ஐம்பது வருஷம் நீடித்தது. பொறாமைதான், வேறென்ன. நம்மிடம் தடை எதுவும் இல்லை. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியிருக்கிறார், காவல்துறையில் எஸ்.ஐ.யாகவும் இருக்கிறார். நம் விடுதிகளில் கடலூர்ப் பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். ஷிஃப்ட் வாரியாக மூன்று அணி, விடுதி வாரியாக நான்கு அணி பிரித்தாலே ஒரு லீக் ஓடும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? பெரிய ஸ்டேடியம் வேண்டாம். வோல்கோகிராட் கதையை அதற்குத்தான் சொன்னேன். சர்வதேச அளவு மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கணக்குப் போட்டால் 7,140 சதுர மீட்டர், ஒன்றே முக்கால் ஏக்கர். சுற்றிலும் நடக்க இடம் விட்டால் இரண்டரை ஏக்கர் போதும். ஆயிரக்கணக்கான ஏக்கரில் சிப்காட் விரிந்து கிடக்கிறது. புது வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுகளின் ஒரு மூலை அளவுதான் நாம் கேட்பது. இரவு ஷிஃப்ட்காரர்கள் காலையிலும், பகல் ஷிஃப்ட்காரர்கள் இரவிலும் ஆட விளக்கு வேண்டும். ஒரு கழிப்பறை, ஒரு குடிநீர்க் குழாய், பெண்கள் உடைமாற்ற ஒரு அறை. இவ்வளவுதான்.

பணம்? 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. பள்ளிக்கூடச் சுவரில் கம்பெனி லோகோவோடு வர்ணம் அடித்துக் கொடுப்பதை வருஷா வருஷம் பார்க்கிறோம். அந்தச் சுவருக்கு உள்ளே பி.டி. பீரியடில் கணக்கு நடக்கிறது. ஒரு வருஷம் வர்ணத்தை நிறுத்திவிட்டு ஒரு பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்கட்டும்.

அணிக்கு அவசரமில்லை. முதலில் கிராமம், விடுதி, ஆலை என்று கலந்து ஒரு லீக். ஒவ்வொரு அணியிலும் உள்ளூர் ஆட்கள் பாதி, வெளி மாநில ஆட்கள் பாதி என்று விதி வைக்கலாம். இரண்டு மூன்று வருஷம் ஓடிய பிறகு அதிலிருந்து தேர்ந்தெடுத்து மாவட்ட லீகுக்கு ஒரு அணி. மாதம் 50 ரூபாய் கட்டுகிற உறுப்பினர்களுக்கு ஓட்டு. எந்தக் கம்பெனி பணம் கொடுத்தாலும் சட்டையின் முதுகில் பெயர் போட்டுக்கொள்ளட்டும், நெஞ்சில் ஊர்ப் பெயர்.

மே 1 கிராம சபை வருகிறது. மைதானத்துக்கு இடம் ஒதுக்கச் சொல்லி சிப்காட்டுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் தீர்மானம் போடலாம், அது கிராம சபையின் உரிமை. தீர்மான வாசகத்தை ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஊராட்சியிலும் அதை எழுந்து படிக்க ஒரு ஆள் வேண்டும். வல்லத்துக்கும் மாத்தூருக்கும் பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள். மற்ற ஊர்க்காரர்கள் இன்பாக்ஸில் ஊர்ப் பெயரை மட்டும் போடுங்கள், அனுப்பி வைக்கிறேன். ஒடியா, இந்தி தெரிந்தவர்கள் இருந்தால் கூடுதல் வேலை இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை மொழிபெயர்த்து, வாடகை அறைகளில் போய்ப் படித்துக் காட்ட வேண்டும்.